இன்ஜின் பிரித்தாச்சு: எந்த பேரிங், எந்த பிஸ்டன், எந்த ரிங்?

இன்ஜினைக் கீழே இறக்கிப் பிரித்துவிட்டால் அடுத்து வருவது பார்ட்ஸ் பட்டியல். ஒவ்வொரு சாமானுக்கும் மூன்று நான்கு தேர்வுகள் இருக்கும்: கார் கம்பெனியின் பெட்டியில் வருவது, அதைக் கம்பெனிக்குச் செய்து கொடுப்பவரின் சொந்தப் பெட்டியில் வருவது, 'ரேஸ்' என்று அச்சடித்தது, பெயரே கேள்விப்படாதது. இதில் எது நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அப்படிக் கேட்டால் பதில் கிடைக்காது. இது எதன்மேல் உரசப் போகிறது என்று கேட்டால்தான் பதில் வரும். பேரிங்குக்குக் கிராங்க், ரிங்குக்குச் சிலிண்டர் சுவர், ஹெட் கேஸ்கெட்டுக்கு பிளாக்கின் மேல்முகம். ஜோடி பொருந்தவில்லை என்றால், தனியாகப் பார்க்கையில் உயர்ந்த சரக்காகத் தெரிந்ததே முதலில் போகும். அல்லது பக்கத்தில் இருப்பதைத் தின்றுவிடும்.

இங்கே நான் மனதில் வைத்திருப்பது தினமும் சாலையில் ஓடும் கார். பந்தயக் காரின் கணக்கு வேறு. அவர்கள் சில ஓட்டங்களுக்கு ஒருமுறை பிரித்துப் பார்ப்பார்கள். நாம் மூடிய இன்ஜினை மறுபடி திறக்கக் கூடாது என்றுதான் மூடுகிறோம்.

பழைய ஷெல்லைத் தூக்கிப் போடாதீர்கள்

புது பேரிங்கைத் தேர்ந்தெடுக்க உதவும் முதல் சாட்சி பழைய பேரிங்தான். பேரிங் இரண்டு அரைவட்டத் தகடுகளாக வரும், ஒவ்வொன்றும் ஒரு ஷெல். கழற்றும்போதே ஒவ்வொரு ஷெல்லின் முதுகிலும் எந்த சிலிண்டர், மேல் பாதியா கீழ் பாதியா என்று எழுதி வரிசையாக வையுங்கள். கலந்துவிட்டால் அது சொல்லும் கதை போய்விடும்.

பிறகு ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மங்கலான சாம்பல் நிறம் முழுக்க ஒரே சீராக இருந்தால் நல்லது. நடுவில் செம்பு நிறம் எட்டிப் பார்த்தால் மேல் பூச்சு தேய்ந்துவிட்டது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடில் வெடிப்பின் அடியை வாங்குவது மேல் ஷெல், கிராங்கை பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங்கில் கீழ் ஷெல். அந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் தேய்ந்திருப்பது இயல்பு. சுற்றுவாக்கில் நீளக் கீறல்கள், அங்கங்கே புதைந்த மினுமினுப்பான துகள்கள் என்றால் ஆயிலில் அழுக்கு ஓடியிருக்கிறது. ஒரே ராடின் மேல் ஷெல் ஒரு ஓரத்திலும் கீழ் ஷெல் எதிர் ஓரத்திலும் தேய்ந்திருந்தால் ராடு வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். மெயின் ஷெல்களில் நடுவில் இருப்பவை மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தால், கிராங்க் வளைந்ததா பிளாக்கின் மெயின் துளைகள் நேர்கோட்டில் இல்லையா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். உள்பக்கம் ஓரிடத்தில் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் ஷெல்லைத் திருப்பி அதே இடத்தில் முதுகைப் பாருங்கள். அங்கே ஒரு சின்ன அழுத்தக் குறி இருந்தால் கதை முடிந்தது: போன தடவை மாட்டியவர் ஷெல்லுக்கும் அது உட்காரும் துளைக்கும் (அதுதான் ஷெல்லின் 'வீடு') நடுவே ஒரு துகளை விட்டுவிட்டார். இப்படிப்பட்ட கோளாறுக்கு எவ்வளவு உயர்ந்த பேரிங் வாங்கினாலும் மருந்தாகாது. பேரிங் போவதற்கான காரணங்களில் முதல் இடம் எப்போதும் அழுக்குக்குத்தான்.

அலுமினியமா, மூன்றடுக்கா?

கடையில் கிடைக்கும் ஷெல்களைப் பெரும்பாலும் இரண்டு குடும்பங்களாகப் பிரிக்கலாம். முதலாவது பைமெட்டல்: எஃகு முதுகு, அதன்மேல் வெள்ளீயமும் கொஞ்சம் சிலிக்கானும் கலந்த அலுமினிய அடுக்கு. இந்த அடுக்கு சுமார் 0.3 மி.மீ. கனம் இருக்கும். இரண்டாவது ட்ரைமெட்டல், அதாவது மூன்றடுக்கு: எஃகு முதுகு, அதன்மேல் செம்புக் கலவை, அதற்கும் மேலே மிக மெல்லிய ஒரு மென்பூச்சு. அந்தப் பூச்சின் கனம் 12 முதல் 25 மைக்ரான், அதாவது தலைமுடியின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. செம்புக்கும் பூச்சுக்கும் நடுவே ஒன்றிரண்டு மைக்ரான் நிக்கல் இருக்கும். பூச்சிலுள்ள வெள்ளீயம் செம்புக்குள் நகர்ந்து போகாமல் தடுப்பது அதன் வேலை.

ட்ரைமெட்டல் அதிகச் சுமை தாங்கும். திரும்பத் திரும்ப அடி வாங்கினாலும் சீக்கிரம் விரிசல் விடாது. அதனால் இதுதான் 'ஹெவி டூட்டி' என்று எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் பேரிங்கிடம் நாம் கேட்பது வலு மட்டும் இல்லை. ஆயிலோடு வரும் துகளைத் தனக்குள் புதைத்துக்கொண்டு கிராங்கைக் காப்பாற்ற வேண்டும். ஜர்னலில், அதாவது பேரிங்குக்குள் சுழலும் கிராங்கின் உருண்ட பகுதியில், இருக்கும் சின்னக் கோணலுக்குத் தன்னை வளைத்துக் கொடுக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் மென்மை வேண்டும், மென்மையான அடுக்கில் கனமும் வேண்டும். ட்ரைமெட்டலின் பூச்சு ரொம்ப மென்மை, ஆனால் 20 மைக்ரான்தான். அதைவிடப் பெரிய துகள் வந்தால் புதைய இடமில்லை. அலுமினியம் அந்த அளவு மென்மை இல்லை, ஆனால் 0.3 மி.மீ. ஆழம் வைத்திருக்கிறது. புதிதாகக் கட்டிய இன்ஜினில் முதல் சில நூறு கிலோமீட்டர்களில்தான் துகள்கள் அதிகம் சுற்றும்.

கிராங்க் எதனால் ஆனது என்பது அடுத்த கணக்கு. நிறைய பெட்ரோல் கார்களில் இருப்பது வார்ப்பிரும்பு கிராங்க். அந்த இரும்புக்குள் கிராஃபைட் சின்னச் சின்ன உருண்டைகளாக இருக்கும். கிரைண்டிங் செய்யும்போது அந்த உருண்டைகளின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பிசிறுகள் எழும்பும். மூன்றடுக்கின் மென்பூச்சை இந்தப் பிசிறுகள் சுரண்டிவிடும். சிலிக்கான் கலந்த அலுமினிய ஷெல் என்றால் நடப்பது தலைகீழ்: சிலிக்கான் துகள்கள் அந்தப் பிசிறுகளைத் தேய்த்து மழுங்கடிக்கின்றன. ஆக, டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின், வார்ப்பிரும்பு கிராங்க், கம்பெனி முதலில் போட்டிருந்ததும் அலுமினியம் என்றால், திரும்பவும் அலுமினியமே போடுங்கள். மூன்றடுக்கு ஷெல்லுக்கு மாறுவது அங்கே மேம்படுத்தல் ஆகாது.

ஃபோர்ஜ் செய்த, அதாவது அடித்து உருவாக்கிய, எஃகு கிராங்க், டர்போ, கனச் சுமை என்று வந்தால் தட்டு மறுபக்கம் சாயும். டர்போ டீசலில் பல கம்பெனிகள் இன்னும் ஒரு படி மேலே போய், அதிக அடி வாங்கும் பாதியில் மட்டும் ஸ்பட்டர் பேரிங் வைக்கின்றன. வெற்றிடத்தில் படியவைத்த கெட்டியான மேலடுக்கு அதற்கு. ராடில் மேல் பாதி ஸ்பட்டர், கீழ் பாதி சாதாரணம். மெயினில் நேர் எதிர். இரண்டும் பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். இடம் மாற்றிப் போட்டால், அடி வாங்க வேண்டிய இடத்தில் மென்மையானது உட்கார்ந்துவிடும். பெட்டியில் உள்ள குறியைப் படிக்காமல் பிரித்துக் கொட்ட வேண்டாம்.

சிக்னலில் தானாக நின்று தானாகக் கிளம்பும் ஸ்டார்ட்-ஸ்டாப் கார்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். ஒவ்வொரு கிளப்பலிலும் ஆயில் படலம் உருவாகும் முன் ஒரு கணம் உலோகம் உலோகத்தைத் தொடும். அதற்காகவே பாலிமர் பூச்சு கொண்ட ஷெல்கள் வந்தன. உங்கள் காரில் கம்பெனி அதைப் போட்டிருந்தால் வேறு எதற்கும் இறங்காதீர்கள். இதோடு ஈய விஷயமும் இருக்கிறது. வண்டிகளில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதியை ஐரோப்பிய ஒன்றியம் 2000-ல் கொண்டுவந்த பிறகு, ஈயமில்லாத பூச்சுகள் பரவின. அவை பழைய ஈயப் பூச்சைவிடக் கெட்டி. கிராங்கின் பாலிஷ் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பழைய பூச்சு பொறுத்துக்கொண்டது. புதியது அந்தளவு பொறுக்காது.

மெயின் ஷெல்லில் பலர் கவனிக்காத ஒரு தேர்வு, ஆயில் வாய்க்கால். சில செட்களில் இரண்டு பாதியிலும் வாய்க்கால் வரும், சிலவற்றில் மேல் பாதியில் மட்டும். கீழ் பாதிதான் சுமை தாங்குகிறது என்பதால், அங்கே வாய்க்கால் இல்லாதது அதிகப் பரப்பில் தாங்கும். இரண்டும் கிடைத்தால் கீழே வெறும் ஷெல் உள்ளதை எடுப்பேன். ஆனால் மாட்டும்போது துளையும் வாய்க்காலும் உள்ள பாதி பிளாக் பக்கம்தான் போக வேண்டும். மாற்றிப் போட்டால் ஆயில் வழியே அடைபட்டு, இன்ஜின் கிளம்பிய சில நிமிடங்களில் சீஸ் ஆகிவிடும், அதாவது இறுகி நின்றுவிடும்.

ஸ்டாண்டர்டா, அண்டர்சைஸா?

இதை முடிவு செய்வது மைக்ரோமீட்டர். ஒவ்வொரு ஜர்னலையும் இரண்டு இடத்தில், ஒவ்வோர் இடத்திலும் இரண்டு திசையில் அளக்க வேண்டும். முட்டை வடிவமாகிவிட்டதா, ஒரு பக்கம் சரிந்திருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். நகத்தை ஜர்னலின் நீளவாக்கில் இழுத்துப் பார்ப்பது பழைய சோதனை. சுற்றுக் கீறலில் நகம் மாட்டினால் பாலிஷ் மட்டும் போதாது. முட்டை வடிவத்துக்குப் பல கையேடுகள் 0.01, 0.02 மி.மீ. அளவுக்குத்தான் இடம் கொடுக்கின்றன.

கிராங்க் அளவுக்குள் இருந்தால் பாலிஷோடு நிறுத்திக்கொண்டு ஸ்டாண்டர்ட் ஷெல் போடலாம். இங்கேதான் கம்பெனிப் பெட்டிக்கு உண்மையான மதிப்பு. ஹோண்டா, டொயோட்டா போன்ற ஜப்பானிய இன்ஜின்களில் பிளாக்கிலும் கிராங்கிலும் எழுத்தோ எண்ணோ பொறித்திருக்கும். இரண்டையும் அட்டவணையில் சேர்த்துப் பார்த்தால் எந்த அளவு ஷெல் என்று வரும். ஷெல்லின் ஓரத்தில் அந்த அளவுக்கான நிறப் புள்ளியோ எண்ணோ இருக்கும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் கனத்தில் சில மைக்ரான்தான் வித்தியாசம். வெளிப் பிராண்டுகள் பெரும்பாலும் நடுவிலுள்ள ஒரே அளவை 'ஸ்டாண்டர்ட்' என்று விற்கின்றன. எல்லா ஜர்னலுக்கும் அது சரியாக வரும் என்று சொல்ல முடியாது.

கிராங்கைக் கிரைண்டிங் கொடுக்க வேண்டி வந்தால் நிலைமை மாறிவிடும். கடைந்து சிறுத்த கிராங்குக்கு ஏற்ப 0.25, 0.50, 0.75 மி.மீ. என்று அண்டர்சைஸ் ஷெல் வரும். அப்போது கம்பெனிப் பெட்டிக்குச் சிறப்பு எதுவும் இல்லை, நல்ல வெளிப் பிராண்டே போதும். ஒன்று மட்டும்: அளந்து எந்த சைஸ் என்று முடிவு செய்தவுடன் ஷெல்லை வாங்கி, கிராங்கோடு சேர்த்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். கையில் இருக்கும் ஷெல்லுக்கு ஏற்ப அவர் கடைவது, வரப்போகிற ஷெல்லை நம்பிக் கடைவதைவிட எவ்வளவோ மேல்.

எல்லா கிராங்கையும் கடையவும் முடியாது. இண்டக்‌ஷன் முறையில் கெட்டிப்படுத்தியதில் கெட்டி அடுக்கு ஆழமாக இருக்கும், ஓரிரு சைஸ் இறங்கலாம். நைட்ரஜனால் மேற்பரப்பைக் கெட்டிப்படுத்தும் நைட்ரைடிங் செய்ததில் அது மெல்லியது. கடைந்தால் போய்விடும், மறுபடி நைட்ரைடிங் கொடுக்க வேண்டும். ஜர்னலின் ஓரத்தில் உள்ள வளைவையும் கவனிக்கச் சொல்லுங்கள். அதைக் கூர்மையான மூலையாகக் கடைந்துவிட்டால் அங்கேதான் கிராங்க் முறியும். அளவுக்கு மேல் பெரிய வளைவாக விட்டால் ஷெல்லின் ஓரம் அதில் ஏறி உட்காரும்.

ஆயில் இடைவெளிக்குப் பழைய கணக்கு, ஜர்னல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு: 50 மி.மீ. ஜர்னலுக்கு 0.05 மி.மீ. இன்றைய சின்ன இன்ஜின்கள் 0W-20 போன்ற மெல்லிய ஆயிலில் ஓடுபவை. அவற்றின் கையேட்டில் 0.02, 0.03 என்றெல்லாம் இருக்கும். கையேடு சொல்வதே இறுதி.

சரிபார்க்க பிளாஸ்டிகேஜ் இருக்கிறது. நூல் மாதிரி மெழுகு இழை அது. ஆயில் துடைத்த ஜர்னலில் நீளவாக்கில் ஒரு துண்டு வைத்து, கேப்பை, அதாவது ஷெல்லைப் பிடிக்கும் மூடியை, முழு டார்க்கில் முறுக்கி, கிராங்கை ஒரு இம்மிகூடத் திருப்பாமல் கழற்றுங்கள். நசுங்கிய இழையின் அகலத்தை உறையில் அச்சடித்த கோடுகளோடு ஒப்பிட்டால் இடைவெளி தெரியும். இழை ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் குறுகலாகவும் நசுங்கியிருந்தால் ஜர்னலிலோ துளையிலோ சரிவு இருக்கிறது. துளையின் உள்விட்டம் அளக்கும் போர் கேஜ் இருந்தால் அது இன்னும் நம்பகம். இல்லாதவருக்கு இது தாராளம்.

இடைவெளி அதிகமாக வருகிறது என்று கேப்பை அரத்தால் ராவுவதும், ஷெல்லுக்கு அடியில் காகிதமோ தகடோ வைப்பதும் இன்னும் நடக்கிறது. ஷெல் தன் வீட்டைவிட ஒரு பொட்டு உயரமாகச் செய்யப்பட்டிருப்பதே, முறுக்கும்போது இறுகி உட்கார்ந்து சூட்டை வீட்டுக்குக் கடத்துவதற்காகத்தான். நடுவில் காகிதம் வந்தால் சூடு போகாது, ஷெல் சுழலவும் ஆரம்பிக்கும். ஷெல்லின் முதுகில் ஆயிலும் வேண்டாம். அந்தப் பக்கம் காய்ந்தே இருக்க வேண்டும்.

பிஸ்டனும் ரிங்கும்

ரிங் மட்டும் மாற்றினால் போதுமா, சிலிண்டர் துளையைப் பெரிதாகக் கடைந்து போர் அடிக்க வேண்டுமா என்பதற்கு வழி ஒன்றுதான்: சிலிண்டரை மேலே, நடுவே, கீழே என்று இரு திசையில் அளப்பது. தேய்மானம் வரம்புக்குள் இருந்தால் சுவரைக் கல்லால் தேய்த்து ஹோனிங் செய்து புது ரிங். தாண்டிவிட்டால் 0.25 அல்லது 0.50 ஓவர்சைஸ் பிஸ்டன். தேய்ந்த போரில் புது ரிங் போட்டால் சில மாதம் ஆயில் குடிப்பது குறையும், அப்புறம் பழைய கதைதான்.

பிஸ்டனில் வார்ப்பு, ஹைப்பர்யூடெக்டிக் வார்ப்பு, ஃபோர்ஜ் என மூன்று வகை. ஹைப்பர்யூடெக்டிக்கில் சிலிக்கான் 16 விழுக்காடு போல இருக்கும். சூட்டில் அதிகம் விரியாது, அதனால் சுவரோடு நெருக்கமாக ஓட்டலாம், சத்தமும் இருக்காது. ஃபோர்ஜ் பிஸ்டனிலேயே இரண்டு உலோகங்கள். 4032 என்பதில் சிலிக்கான் சுமார் 12 விழுக்காடு, 2618 என்பதில் ஏறக்குறைய இல்லவே இல்லை. 2618 தான் எல்லாவற்றிலும் முரட்டு அடி தாங்கும், ஆனால் நிறைய விரியும். அதனால் இடைவெளி அதிகம் வைக்க வேண்டும். காலையில் குளிர்ந்த இன்ஜினில் பிஸ்டன் தட்டும் சத்தம் கேட்கும், ஒவ்வொரு தட்டும் பிஸ்டனின் கீழ்ப்பக்கச் சுவரான ஸ்கர்ட்டைத் தேய்க்கும். டர்போவின் காற்றழுத்தத்தை (பூஸ்ட்) ஏற்றாத, தினம் ஓட்டும் காருக்கு இதை ஏன் வாங்குகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. நல்ல வார்ப்பு பிஸ்டன் அந்த வேலைக்கே பிறந்தது. எதை வாங்கினாலும் நான்கையும் தராசில் வைத்துப் பாருங்கள், எடை ஒத்து இருக்க வேண்டும்.

ரிங் தேர்வில் சிலிண்டர் சுவர் பேசும். மாலிப்டினம் பூசிய ரிங்கில் நுண் துளைகள் உண்டு, ஆயிலைப் பிடித்து வைக்கும், சீக்கிரம் படியும். குரோம் ரிங் தூசியைத் தாங்கும், ஆனால் படிய நேரம் எடுக்கும். குரோம் பூசிய போரில் குரோம் ரிங் போடவே கூடாது. ஹோனிங்கின் சொரசொரப்பும் ரிங்குக்கு ஏற்ப மாறும்: மாலிப்டினத்துக்கு நயமான கல், குரோமுக்குக் கொஞ்சம் முரடு. ஆகவே ரிங்கை வாங்கிவிட்டு, 'இந்த ரிங்' என்று சொல்லி ஹோனிங் கொடுங்கள். ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவிலுள்ள வாயிடைவெளியை, ரிங்கை போருக்குள் நேராகத் தள்ளி வைத்து அளக்க வேண்டும், 80 மி.மீ. போரில் மேல் ரிங்குக்கு 0.30 மி.மீ. சுற்றி என்பது பொதுக் கணக்கு, டர்போவுக்குக் கூட வேண்டும்.

சிலிண்டருக்குள் இரும்பு உறை (லைனர்) இல்லாத அலுமினிய பிளாக் என்றால் நின்று யோசியுங்கள். சிலிக்கான் மிகுந்த அலுமினியமான அலுசில் போர்களுக்கு இரும்புப் பூச்சுள்ள பிஸ்டன்தான் வேண்டும், வெறும் அலுமினியம் ஓடினால் பிடித்துக்கொள்ளும். நிக்கலும் சிலிக்கான் கார்பைடும் கலந்த நிகாசில் பூசிய போரை வெறுமனே கடைந்து பெரிதாக்க முடியாது, மறுபடி பூச வேண்டும்.

மற்றவை

ஆயில் பம்பில் இரண்டாம் யோசனை வேண்டாம். பேரிங் உதிர்ந்த இன்ஜினில் அந்தத் துகளெல்லாம் முதலில் போனது பம்புக்குள்தான், புதிது போடுங்கள். 'ஹை வால்யூம்' பம்ப் தேவையில்லை. இடைவெளி சரியாக இருந்தால் சாதாரண பம்பே பிரஷர் தரும். மிச்ச ஆயில் ரிலீஃப் வால்வு வழியாகத் திரும்பிப் போகும், அவ்வளவுதான். ஆயில் கூலர் இருந்தால் அதையும் மாற்றுவது நல்லது. அதன் மெல்லிய குழாய்களில் சிக்கிய துகளைக் கழுவி எடுப்பது லேசான காரியமில்லை.

டைமிங் செயின் என்றால் டென்ஷனரும் கைடும் சேர்த்தே. எஃகு அடுக்கு ஹெட் கேஸ்கெட், நாரும் தகடும் சேர்ந்த காம்போசிட்டைவிட உறுதி, ஆனால் பிளாக்கும் ஹெட்டும் மிக நயமாக முகம் எடுத்திருக்க வேண்டும். பழைய முகத்தில் அப்படியே போட்டால் காம்போசிட்டே தேவலை. நீண்டு இறுகும் வகை போல்ட்டுகள் எல்லாம் புதிது. ராடுக்கு இன்னும் வலுவான போல்ட் வாங்குகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: இறுக்கம் கூடும்போது ராடின் கிராங்க் பக்கத் துளையான பிக் எண்டின் வட்டம் மாறும். புது போல்ட்டை முறுக்கி அளந்து, தேவைப்பட்டால் துளையை மறுபடி ஹோன் செய்யாமல் ஷெல்லை வைத்தால் வாங்கிய வலுவே பேரிங்கைக் கெடுக்கும்.

யார் பெட்டியில் வாங்குவது?

கார் கம்பெனிகளில் பெரும்பாலானவை ஷெல்லைத் தாங்களே செய்வதில்லை. ஜப்பானில் டைஹோ, டைடோ மெட்டல். ஜெர்மனியில் மாலே, கோல்பன்ஷ்மிட் போன்றவர்கள் செய்து கொடுக்கிறார்கள். உங்கள் இன்ஜினுக்கு முதலில் செய்து கொடுத்தவர் யார் என்று பழைய ஷெல்லின் முதுகில் உள்ள முத்திரையே சொல்லும். அண்டர்சைஸ் போடுகிறீர்கள் என்றால் அதே முத்திரையை அவர்களது சொந்தப் பெட்டியில் வாங்கினால் போதும். நிறக் குறியோடு ஸ்டாண்டர்ட் என்றால் கம்பெனிப் பெட்டி.

எந்தப் பெட்டியானாலும் உள்ளே இருப்பதை நம்பும் முன் பாருங்கள். முதுகில் முத்திரையும் அளவும் தெளிவாகப் பதிந்திருக்கிறதா, ஓரங்கள் பிசிறில்லாமல் இருக்கின்றனவா, ஒரே செட்டின் ஷெல்கள் கனத்தில் ஒத்து இருக்கின்றனவா. கனத்தை உருண்டை முனையுள்ள மைக்ரோமீட்டரில், ஷெல்லின் நடுவில் அளக்க வேண்டும். இரண்டு ஓரங்களிலும் வேண்டுமென்றே மெல்லியதாகச் செய்திருப்பார்கள். போலிச் சரக்கு பெரும்பாலும் இங்கேதான் மாட்டும்.

முழு கிட்டாக வாங்கினால் மலிவு. கேஸ்கெட், சீல், ரிங் எல்லாம் ஒரே பெட்டியில் வந்துவிடும். ஆனால் கிட் கட்டுகிறவர் எல்லாவற்றையும் செய்வதில்லை. பல இடத்திலிருந்து வாங்கி அடுக்குகிறார். கேஸ்கெட் நன்றாக இருந்து ஷெல் சுமாராக இருப்பதும் உண்டு, மாறியும் உண்டு. கிராங்கை அளக்கும் முன்பே கிட் வாங்கினால் உள்ளிருக்கும் ஷெல் சைஸ் வீணாகவும் போகலாம். ஆகவே கேஸ்கெட் செட்டை வேண்டுமானால் இன்றே வாங்கி வையுங்கள். ஷெல், பிஸ்டன், ரிங் மூன்றையும் பட்டறையின் அளவுச் சீட்டு கைக்கு வந்த பிறகு தனித்தனியாக ஆர்டர் செய்யுங்கள்.